முன் இருக்கைக்காரன் வேலை தேடிய கதை

பெருமதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே உங்கள் தங்கை நலம், மகள் நலம், போன மாதம் ஒழுகிய குழாய்கூட இப்போது நலம். நான் எப்படி இருக்கிறேன் என்பதை இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கும்போது நீங்களே தெரிந்துகொள்வீர்கள். உங்கள் நலத்தையும் உங்கள் வீட்டு அக்காவின் நலத்தையும் அறிய ஆவல். அதைவிட, அடுத்தவனுக்கு அறிவுரை சொல்லும் தைரியம் உங்களுக்கு எங்கிருந்து வருகிறது என்பதை அறிய எனக்கு ஆவல் அதிகம்.

போனில் சொல்லியிருக்கலாமே என்பீர்கள். போனில் சொன்னால் நீங்கள் நடுவில் புகுந்து பேசுவீர்கள், பிறகு நான் கேட்டுக்கொண்டிருப்பேன், கடைசியில் தப்பெல்லாம் என் மேல்தான் என்று ஒப்புக்கொண்டு போனை வைப்பேன். பதினெட்டு வருடமாக இப்படித்தான் நடக்கிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

நடந்தது பாதி உங்களுக்குத் தெரியும்; இருந்தாலும் முதலிலிருந்து சொன்னால்தான் என் வயிற்றெரிச்சல் அடங்கும். இருபத்துமூன்று வருடமாக நான் ஓட்டுநர் உரிமத் தேர்வு அதிகாரி. வண்டி ஓட்டத் தெரியாதவர், தெரியும் என்று நினைப்பவர், ஓட்டவே கூடாதவர் என்று தினமும் எட்டுப் பேருக்குப் பக்கத்தில் முன் இருக்கையில் உட்கார்ந்து, அவர்கள் செய்யும் பிழைகளைத் தாளில் குறித்து, கடைசியில் தேர்ச்சி உண்டா இல்லையா என்று சொல்வது என் பிழைப்பு. தேர்வு நடக்கும்போது நாங்கள் பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, முகம் சுளிக்கக் கூடாது. ‘அடுத்த திருப்பத்தில் வலது பக்கம் திரும்பவும்’ என்பது மாதிரியான வாக்கியங்களைத் தவிர வேறு எதுவும் வாயிலிருந்து வரக் கூடாது. இப்படி இருபத்துமூன்று வருடம் கல் மாதிரி உட்கார்ந்திருந்தவனை, மூன்று மாதத்துக்கு முன்னால் ஒரு பல் வைத்தியர் அசைத்துவிட்டார். பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். நடைபாதை மேல் ஏறி, சோபா விற்கும் கடையின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய், மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றில் முட்டித்தான் வண்டி நின்றது. யாருக்கும் ஒரு கீறல் இல்லை. அந்த மனிதர் தலையில் விழுந்த கண்ணாடித் துகளைத் தட்டிக்கொண்டே, “சார், நான் பாஸா?” என்று கேட்டார்.

அன்றிலிருந்து எந்த வண்டியிலும் முன் இருக்கையில் என்னால் உட்கார முடியவில்லை. கதவுப் பிடியில் கை வைத்தாலே உள்ளங்கை வேர்க்கிறது, நெஞ்சு அடித்துக்கொள்கிறது. அலுவலகத்தில் இடுப்பு வலி என்று சொல்லி விடுப்பு எடுத்தேன். இடுப்புக்கு ஒரு குறையும் இல்லை, பயம். இதை உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். நீங்கள் அக்காவிடம் மட்டும்தான் சொன்னீர்கள். அக்கா யாரிடம் மட்டும் சொன்னார் என்று தெரியவில்லை, எங்கள் தெரு முனையில் துணி தேய்ப்பவர் போன வாரம் என்னைப் பார்த்து, “பயப்படாதீங்க சார், எல்லாம் சரியாயிடும்” என்கிறார். விடுப்பு இந்த ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை காலை எட்டரைக்கு நான் மறுபடியும் அந்த இருக்கையில் ஏற வேண்டும், இல்லாவிட்டால் அதற்குள் எனக்கு வேறு வேலை கிடைக்க வேண்டும்.

இந்த இடத்தில்தான் நீங்கள் வந்தீர்கள். “கவலைய விடுங்க மாப்ள. ஆளெடுக்கிறதுதான் என் தொழிலே. எப்படி உள்ள போறதுன்னு நான் சொல்லித் தர்றேன்” என்றீர்கள். நானும் நம்பினேன். பன்னிரண்டு பக்கம் அச்சடித்து அனுப்பினீர்கள். அதை இப்போது எங்கே வைத்திருக்கிறேன் என்று கேட்காதீர்கள். ஆடும் மேஜையின் ஒரு காலுக்கு அடியில் அது முதல்முறையாகப் பயன்பட்டுக்கொண்டிருக்கிறது.

நான் வேலை கேட்ட நிறுவனத்தில் முதல் சுற்று, கணினியில் நிரப்பும் விண்ணப்பம். என் விவரமெல்லாம் அடங்கிய தாளை ஏற்றச் சொன்னார்கள், ஏற்றினேன். உடனே, அந்தத் தாளில் உள்ளதை எல்லாம் கட்டம் கட்டமாகத் திரும்பவும் தட்டச்சு செய்யச் சொன்னார்கள். அப்படியானால் தாள் எதற்கு? ‘நீங்கள் எத்தனை பேர் கொண்ட குழுவை வழிநடத்தியுள்ளீர்கள்?’ என்று ஒரு கட்டம். ஒருவர், அவரும் என் பேச்சைக் கேட்டதில்லை என்று உண்மையை எழுதினேன். ‘உங்கள் மிகப் பெரிய சாதனை?’ உயிரோடு இருப்பது என்று எழுதினேன். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் தலையில் அடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மாற்றினீர்களே, ‘வேகமாக நகரும் சூழலில் நெருக்கடிகளை நிதானமாகக் கையாளும் தலைமைப் பண்பு மிக்கவர்’ என்று! மகள் அதைப் படித்துவிட்டு, “யாருப்பா இவரு, உங்க ஆபீஸ்ல வேலை பாக்குறாரா?” என்று கேட்டாள்.

இரண்டாவது சுற்று போனில். ஆளெடுக்கும் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசினாள். நல்ல குரல், நல்ல மரியாதை, அதையெல்லாம் குறை சொல்ல மாட்டேன். “உங்களைப் பத்திச் சொல்லுங்க சார்” என்றாள். பெயர், வயது, உயரம், தூரப் பார்வைக்குக் கண்ணாடி உண்டு என்று எங்கள் படிவத்தில் உள்ள வரிசையிலேயே சொன்னேன். “அதில்ல சார், உங்க கதையைச் சொல்லுங்க” என்றாள். கதை ஒன்றும் இல்லையம்மா என்றேன். பிறகு நான் கேட்டேன்.

“உங்க கம்பெனி என்னம்மா செய்யுது?”

“நாங்க மனிதர்களையும் தீர்வுகளையும் இணைக்கிறோம் சார்.”

“என்ன தீர்வு?”

“அது அவங்கவங்க பிரச்சினையைப் பொறுத்தது சார்.”

“சரி, அதுல எனக்கு என்ன வேலை?”

“வாடிக்கையாளர் அனுபவ ஒருங்கிணைப்பாளர் சார்.”

“அவர் காலையில வந்து உக்காந்ததும் முதல்ல என்ன செய்வார்?”

“சேர்ந்த பிறகு அது தானா உருவாகும் சார்” என்றாள். என்ன வேலை என்றே தெரியாமல் சூடு சொரணை உள்ள எந்த மனிதனாவது ஒரு வேலையில் சேருவானா, நீங்களே சொல்லுங்கள். எங்கள் வாசலில் குப்பை எடுக்க வருபவரிடம் போய், உங்கள் வேலை என்ன என்று கேட்டுப் பாருங்கள். அரை நொடியில் சொல்வார்.

மூன்றாவது சுற்றில் நூற்றெண்பது கேள்விகள். கூட்டத்தில் நீங்கள் மூலையில் நிற்பீர்களா, நடுவில் நிற்பீர்களா? இதையே இருபது கேள்வி தள்ளி வேறு மாதிரி கேட்பார்கள், நாற்பது கேள்வி தள்ளி இன்னொரு மாதிரி கேட்பார்கள். பொய் சொல்கிறோமா என்று கண்டுபிடிக்கிறார்களாம். நான் மூன்று தடவையும் கதவுக்குப் பக்கத்தில் என்றே சொன்னேன். கடைசியில் திரையில் ஒரு வட்டம் வந்து, ‘நீங்கள் நீலம்’ என்றது. ஆளின் குணத்துக்கு ஒரு நிறம் கொடுக்கிறார்களாம், அவ்வளவுதான். ஐம்பது வயதை நெருங்கும் ஒரு குடும்பஸ்தனைப் பார்த்துச் சொல்லும் பேச்சா இது? உங்களைக் கூப்பிட்டுக் கேட்டேன். “நீலமா! நீலம் நல்லது மாப்ள, நான்கூட நீலம்தான்” என்று குதித்தீர்கள். அப்போதே நான் விலகியிருக்க வேண்டும்.

நான்காவது சுற்றுக்கு நேரில் வரச் சொன்னார்கள். பேருந்தில் கடைசி வரிசையில் கண்ணை மூடிக்கொண்டு போனேன். ஆறு பேரை ஒரு அறையில் விட்டு, ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளையும் ஒட்டும் நாடாவையும் கொடுத்து, இருபது நிமிடத்தில் ஒரு கோபுரம் கட்டுங்கள் என்றார்கள். வேலை கேட்டு வந்தவர்களில் ஒருவர் பதினைந்து வருடம் ஹோட்டலில் சமையல்காரராக இருந்தவர். ஒரு அம்மாள் தையல் வேலை பார்த்தவர். இன்னொருவன் உள்ளே நுழைந்ததும், “நான் தலைமை ஏத்துக்கிறேன்” என்று கைதட்டினான், உங்கள் பன்னிரண்டு பக்கத்தில் ஐந்தாம் பக்கம் சொல்கிறபடியே. சுவரோரம் இரண்டு பேர் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் குறித்துக்கொண்டிருந்தார்கள். இங்கேதான் மச்சான் நான் முதல் தப்பு செய்தேன். அறையில் யாராவது வேர்த்து விறுவிறுத்து எதையாவது செய்ய, இன்னொருவர் தாளில் குறிக்கிறார் என்றால், நான் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பது என் காலுக்கே தெரியும். நேராகப் போய் அந்த இரண்டு பேருக்குப் பக்கத்தில் நின்றேன். பையில் எப்போதும் கிடக்கும் தேர்வுத் தாள் புத்தகத்தை எடுத்துக் குறிக்க ஆரம்பித்தேன். அவர்கள் என்னை மேலிடத்திலிருந்து வந்தவர் என்று நினைத்து நகர்ந்து இடம் கொடுத்தார்கள். கோபுரம் சரிந்தபோது, அவர்களில் ஒருவன் என் காதோரம் குனிந்து, “யாரை எடுக்கலாம் சார்?” என்று கேட்டான். சமையல்காரரை எடுங்கள், அவர் ஒருத்தர்தான் விழப்போகிறதைக் கையால் தாங்கிப் பிடித்தார் என்றேன். அந்தச் சுற்றில் தேர்வானவர்கள் இரண்டு பேர்: சமையல்காரர், நான். இப்படி ஆளெடுக்கிற கூட்டத்தை உலகத்தில் எங்காவது பார்த்திருக்கிறீர்களா? பார்த்திருப்பீர்கள், உங்கள் அலுவலகத்தில்.

ஐந்தாவது சுற்று இன்றைக்கு. பத்து மணி என்றார்கள், பத்தே முக்காலுக்குக் கூப்பிட்டார்கள். கண்ணாடிச் சுவர் வைத்த அறை, நீள மேஜை, அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் இருந்தவர் பேனாவை டிக் டிக் என்று அமுக்கிக்கொண்டே இருந்தார். அவரைப் பேனாக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் ஒரு தலையாட்டி. நான் இருமினாலும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டுகிறான். வலது பக்கம் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு அம்மாள், வெகுநேரம் எதிலும் கலந்துகொள்ளாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“உங்க பலவீனம் என்னன்னு நினைக்கிறீங்க?” என்றார் பேனாக்காரர். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி, அளவுக்கு மீறி உழைத்துவிடுவேன் என்றேன். “இன்னைக்கு இதைச் சொல்ற ஆறாவது ஆள் நீங்க” என்றார். எத்தனை பேருக்கு மச்சான் அந்தப் பன்னிரண்டு பக்கத்தைக் கொடுத்தீர்கள்? என் காது சூடாகிவிட்டது. “அஞ்சு வருஷத்துல உங்களை எங்க பாக்குறீங்க?” என்றார் அடுத்து. “எங்க தொழில்ல அஞ்சு செகண்டு தள்ளிப் பாக்கிறதே பெரிய விஷயம் சார்” என்றேன். தலையாட்டி தலையாட்டினான். பிறகு பேனாக்காரர் ஒன்றும் பேசாமல் என்னையே பார்த்தார். இதுவும் ஒரு உத்தியாம். சும்மா இருந்தால் எதிரில் இருப்பவன் பதறிப்போய் எதையாவது உளறுவானாம். யாரிடம்? நடுங்கும் கையோடு ஸ்டியரிங்கைப் பிடித்தவர்கள் பக்கத்தில் ஆயிரக்கணக்கான மணி நேரம் வாயைத் திறக்காமல் உட்கார்ந்தவன் நான். நானும் அவரைப் பார்த்தேன். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று. பேனா டிக் டிக் என்றது நின்றது. மூன்றாவது நிமிடம் பேனாக்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, “உண்மையைச் சொல்லணும்னா இந்த வருஷம் எங்களுக்குக் கொஞ்சம் சிரமம்தான் சார்” என்று தானாகவே சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

இதற்குள் என்னை அறியாமலேயே தாள் புத்தகம் மேஜை மேல் வந்திருந்தது. நான் வேண்டும் என்று செய்யவில்லை மச்சான், சத்தியமாகச் செய்யவில்லை. எதிரில் ஒருவர் தடுமாறினால் என் கை பேனாவைத் தேடும். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைக் கவனிக்காமல் போனைப் பார்த்தது: ‘கண்ணாடி பார்க்கத் தவறியது’, பெரும் பிழை. ஒரு பேச்சிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது: ‘சைகை காட்டாமல் திரும்பியது’, சிறு பிழை, நான்கு முறை. தலையாட்டி குறுக்கே பேசியது: ‘வழிவிடாமல் நுழைந்தது’. பத்தே முக்காலுக்கு ஆரம்பித்தது: ‘புறப்படும் முன் ஆயத்தமின்மை’. எங்கள் படிவம் எதற்கும் பொருந்தும் என்று இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்போதுதான் அந்த மூக்குக்கண்ணாடி அம்மாள் முதல்முறையாக வாயைத் திறந்தார். “இருபத்துமூணு வருஷம் பாத்த வேலையை ஏங்க விடுறீங்க?” என்றார். புதிய சவால்களைத் தேடி என்று உங்கள் மூன்றாம் பக்கம் சொல்கிறது. நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவர் கேட்ட விதம் எங்கள் வீட்டில் கேட்பது மாதிரி இருந்தது, வாயில் வேறு வந்துவிட்டது. “பயம்மா. முன் சீட்ல உக்காந்தா செத்துப்போயிடுவேன்னு தோணுது. வேற காரணம் ஒண்ணும் இல்ல” என்றேன். தலையாட்டிகூட ஆட்டவில்லை. அந்த மூன்று பேர் முன்னால் அப்படிச் சொன்னதை நினைத்தால் இப்போதும் உடம்பெல்லாம் கூசுகிறது.

பேனாக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, “எங்ககிட்ட ஏதாவது கேக்கணுமா?” என்றார். அதாவது, முடிந்தது என்று அர்த்தம். முடிந்தது என்றால் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். கூட்டிப் போட்டேன், அடியில் கையெழுத்துப் போட்டேன், மேல் தாளைக் கிழித்து அவர் முன்னால் வைத்தேன், நேராக முன்னால் பார்த்தபடி, இருபத்துமூன்று வருடம் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியம் தானாக வெளியே வந்தது: “தேர்வு முடிந்தது. நீங்கள் தேர்ச்சி பெறவில்லை. பதினைந்து நாட்கள் கழித்து மீண்டும் விண்ணப்பிக்கலாம். இறங்கும்போது பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்துக் கதவைத் திறக்கவும்.” சொல்லி முடித்த பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்றே எனக்கு உறைத்தது. பின்னால் பார்த்துக் கதவைத் திறந்தது நான்தான். படியிறங்கி, வரவேற்பறையைத் தாண்டி, பேருந்துக்குக்கூட நிற்காமல் வீடு வரை நடந்தே வந்துவிட்டேன்.

உங்கள் தங்கையிடம் சொன்னேன். “உங்களை வேலைக்கு எடுப்பாங்கன்னு அனுப்பினா, நீங்க அவங்களை ஃபெயிலாக்கிட்டு வந்திருக்கீங்க” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகள் ஓடி வந்து என்னவென்று கேட்டு அவளும் சிரித்தாள். பிறகு உங்கள் தங்கை சிரிப்பை நிறுத்திவிட்டு, “அப்ப திங்கட்கிழமை?” என்றாள். நான் சட்டையைக் கழற்றினேன். அவள் அதை வாங்கித் துவைக்கப் போட்டாள்.

ஆகவே இதனால் தங்களுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், திங்கட்கிழமை நான் பழைய வேலைக்கே போகிறேன். மனிதர்களையும் தீர்வுகளையும் இணைக்கும் அந்தக் கூட்டம் என் வீட்டு வாசலில் வந்து நின்றாலும் உள்ளே விட மாட்டேன். என்ன செய்கிறோம் என்று தெரியாத நிறுவனம், என்ன கேட்கிறோம் என்று தெரியாத மேலாளர், எதற்கு ஆட்டுகிறோம் என்று தெரியாத தலை! அவர்களோடு வேலை பார்ப்பதைவிட, வாரத்துக்கு இரண்டு பல் வைத்தியரோடு சோபாக் கடைக்குள் போய் வருவேன். உங்களுக்கும் ஒரு வேண்டுகோள்: இனி நம் குடும்பத்தில் யாருக்கும், எந்த வயதிலும், எந்த வேலையைப் பற்றியும் நீங்கள் அறிவுரை சொல்லக் கூடாது. இதை நான் கோபத்தில் எழுதவில்லை. கோபம் மத்தியானமே தீர்ந்துவிட்டது. திங்கட்கிழமையை நினைத்தால் கை நடுங்குகிறது, எழுத்து கோணலாக இருப்பதற்கு அதுதான் காரணம், மன்னிக்கவும்.

அக்காவுக்கு என் வணக்கம். இந்தக் கடிதத்தின் சாரத்தை அவர் யாரிடமும் சொல்ல வேண்டாம், குறிப்பாகத் துணி தேய்ப்பவரிடம். குழந்தைகள் நோய்நொடி இல்லாமல், நன்றாகப் படித்து, நீலமாக இல்லாமல் வளர என் ஆசிகள்.

இப்படிக்கு,
தங்கள் பன்னிரண்டு பக்கங்களையும் படித்து முடித்த பாவி,
தங்கையின் கணவன்

பின்குறிப்பு: மச்சான், மேலே உள்ளது எதையும் படிக்க வேண்டாம். படித்துவிட்டீர்கள் என்றால் மறந்துவிடுங்கள். உறை ஒட்டும் நேரத்தில் அந்தப் போன் பெண் கூப்பிட்டாள். அந்த மூக்குக்கண்ணாடி அம்மாள்தான் நிறுவனத்துக்கே தலைவியாம். நான் வைத்துவிட்டு வந்த தாளைப் பேனாக்காரருக்கும் தலையாட்டிக்கும் அவரே சத்தமாகப் படித்துக் காட்டினாராம். “பதினஞ்சு நாள் கழிச்சுன்னு சொல்லிட்டுப் போனீங்களாம் சார். மேடம் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாதுன்னு சொல்றாங்க. திங்கட்கிழமையே வந்து சேர முடியுமா?” என்றாள். அவள் கேட்டு முடிப்பதற்குள் முடியும் என்று எழுந்து நின்று சொன்னேன். உங்கள் தங்கை சமையலறை வாசலில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை, என் கண்ணும் சரியாக இல்லை. என்ன வேலை என்று நான் கேட்கவே இல்லை மச்சான். நான் உட்காரப்போகிற இடம் நகராது இல்லையா என்று மட்டும்தான் கேட்டேன்.